சாமி வருமுன்னே கூடியவர்கள்

செப்டம்பர் 20ஆம் நாள் திருஅவை கொரிய மறைசாட்சிகளை நினைவுகூருகிறது. நாள்காட்டியில் 'புனிதர்கள் ஆன்ட்ரூ கிம், பவுல் சோங், தோழர்கள்' என்று ஒரே வரியில் அச்சிட்டிருப்பார்கள். அந்த ஒரு வரிக்குள் 103 பேர் இருக்கிறார்கள். 1984ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சியோல் நகருக்கே சென்று அவர்களுக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். இன்று நாம் சிந்திக்கப் போவது அவர்களில் பலருக்கு முந்திய தலைமுறையைப் பற்றி.

அதற்குக் காரணம் உண்டு. நம் பங்குகளில் அன்பியக் கூட்டம் என்று அறிவித்தவுடன் நாம் கேட்கும் முதல் கேள்வி, "சாமி வருவாரா?" என்பதுதான். சாமியும் வரவில்லை, சிஸ்டரும் வரவில்லை என்றால் அந்த மாதக் கூட்டம் பெரும்பாலும் செபமாலையோடு முடிந்துவிடுகிறது. விவிலியத்தைத் திறந்து, வாசித்து, "இந்தச் சொல் என்னைத் தொட்டது" என்று ஒருவர் வாய் திறப்பதற்குள் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கொரியாவில் திருஅவை பிறந்தபோது, "வருவாரா?" என்று கேட்பதற்கு அந்த நாட்டில் ஒரு சாமிகூட இல்லை.

நம் மண்ணுக்கு யாரோ ஒருவர் வந்து நற்செய்தியைத் தந்தார். தோமையார் வந்தார், சவேரியார் வந்தார், அருளானந்தர் வந்தார் என்றுதான் நம் பாட்டிமார் கதை சொன்னார்கள். கொரியாவுக்கு முதலில் வந்தவை புத்தகங்கள். அந்நாட்டு அரசர் ஆண்டுதோறும் பெய்ஜிங் நகருக்குத் தூதுக்குழு அனுப்புவார். போனவர்கள் அங்கிருந்த இயேசு சபையினரிடம் நூல்களை வாங்கி வந்தார்கள். அவற்றுள் ஒன்று, மத்தேயு ரிச்சி அடிகளார் சீன மொழியில் எழுதி 1603இல் வெளியிட்ட மறைநூல். 1770களின் இறுதியில் கொரிய அறிஞர்கள் சிலர் மலையிலிருந்த ஒரு பௌத்த மடத்தில் கூடி இத்தகைய நூல்களை வாசித்து விவாதித்தார்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை இறைவனுக்குரிய நாள் வரும் என்று படித்தார்கள். ஆனால் எது ஞாயிறு என்று அவர்களிடம் இருந்த நாள்காட்டி சொல்லவில்லை. அதனால் மாதத்தில் 7, 14, 21, 28 ஆகிய நாள்களை ஓய்வுநாளாகக் கடைப்பிடித்தார்கள் என்று அந்நாட்டுத் திருஅவை மரபு சொல்கிறது. கணக்கு தவறுதான். ஆனால் இறைவன் அந்த ஓய்வுநாள்களை ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

இந்தக் குழுவில் முக்கியமானவர் யி பியோக். தம் நண்பர் யி சுங்-ஹுன் தூதுக்குழுவோடு பெய்ஜிங் போகிறார் என்று அறிந்ததும், அங்குள்ள கோவிலுக்குச் சென்று எல்லாவற்றையும் கேட்டு வரும்படி அவரைத் தூண்டினார். யி சுங்-ஹுன் 1784இல் அங்கே பேதுரு என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்று, நூல்களோடும் சிலுவைகளோடும் படங்களோடும் திரும்பினார். பிறகு தம் நண்பர்களுக்குத் தாமே திருமுழுக்கு அளித்தார். அவர்கள் கூடிய இடம், இன்று சியோலில் மியோங்தோங் பேராலயம் இருக்கும் பகுதியில் இருந்த ஒரு வீடு. வீட்டுக்காரர் பெயர் கிம் பொம்-உ. அவர் மொழிபெயர்ப்பாளர் குலத்தவர், உயர்குடியினர் அல்லர்.

1785ஆம் ஆண்டில் ஒருநாள் அந்த வழியாகப் போன காவலர்கள், வீட்டுக்குள் பலர் கூடியிருப்பதைக் கண்டு, சூதாட்டம் நடக்கிறது என்று நினைத்து உள்ளே நுழைந்தார்கள். கையில் சிக்கியவை சிலுவைகளும் திருவுருவங்களும் புத்தகங்களும்தான். விசாரணை நடந்தது. கூடியிருந்த உயர்குடியினரை அதிகாரி கண்டித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கிம் பொம்-உ மட்டும் சிறையில் அடிபட்டார். அப்போது உயர்குடியினர் சிலர் திரும்பவும் அந்த அலுவலகத்துக்கே சென்று, நாங்களும் அதே மறையைச் சேர்ந்தவர்கள், எங்களையும் அவரோடு சேர்த்துத் தண்டியுங்கள் என்று வாதாடினார்கள். அதிகாரி இசையவில்லை. கிம் பொம்-உ தொலைதூர ஊருக்கு அனுப்பப்பட்டு, பட்ட காயங்களால் அங்கேயே இறந்தார். ஒரே வீட்டில், ஒரே பாயில் அமர்ந்து ஒரே நூலை வாசித்தவர்கள். அடி மட்டும் ஒருவருக்கு. குலம் என்பது என்ன செய்யும் என்று அந்தச் சிறு குழு அன்று நேருக்கு நேர் பார்த்தது.

இவர்களை நாம் பளிங்குச் சிலைகளாக்கிவிட வேண்டாம். யி பியோக் தந்தையின் கடும் எதிர்ப்பால் வீட்டுக்குள் அடைபட்டு, சில காலத்தில் இறந்துபோனார். யி சுங்-ஹுன் நெருக்கடி வந்தபோது தம் நம்பிக்கையை மறுத்தார். ஒருமுறை மட்டும் அல்ல. குழுவும் தவறு செய்தது. பெய்ஜிங்கில் அருள்பணியாளர்கள் செய்ததைப் பார்த்த நினைவைக் கொண்டு, 1786 வாக்கில் தங்களுக்குள்ளேயே சிலரை அருள்பணியாளர்களாக ஏற்படுத்தி, திருப்பலி நிறைவேற்றவும் பாவமன்னிப்பு வழங்கவும் தொடங்கிவிட்டார்கள். அதைத் தடுக்க வெளியிலிருந்து யாரும் வரவில்லை. நூல்களை மேலும் வாசித்தபோது அவர்களில் ஒருவருக்கே ஐயம் எழுந்தது: இதற்கு நமக்கு உரிமை உண்டா? உடனே நிறுத்தினார்கள். யுன் யு-இல் என்பவர் தூதுக்குழுவோடு சேர்ந்து பெய்ஜிங் சென்று ஆயரிடம் கேட்டார். திருமுழுக்கு அளிக்கலாம், மற்ற அருளடையாளங்களுக்கு அருள்பணியாளர் வேண்டும் என்று பதில் வந்தது. அவர்கள் கீழ்ப்படிந்தார்கள், கூடி வாசிப்பதை மட்டும் விடவில்லை. சாமி இல்லாமல் மக்கள் விவிலியம் வாசித்தால் தப்பான வழியில் போய்விடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் நம்மிடையே உண்டு. இங்கே தவறைக் கண்டுபிடித்ததும் அதே வாசிப்புதான்.

அடுத்த சோதனை கடினமானது. முன்னோர் வழிபாட்டுப் பலகைகளை வைத்துச் சடங்கு செய்யலாமா என்று கேட்டதற்கு, 1790இல், கூடாது என்று பதில் வந்தது. மதுரையில் நோபிலி அடிகளாரைச் சுற்றி எழுந்த பூணூல், சந்தனம் பற்றிய சர்ச்சைகளை அறிந்த நமக்கு இந்தக் கேள்வியின் வலி புரியும். உயர்குடியினர் பலர் அப்போது விலகிப் போனார்கள். தாய் இறந்தபோது அந்தச் சடங்கைச் செய்ய மறுத்த பவுல் யுன் ஜி-சுங், தம் உறவினர் ஒருவரோடு 1791 டிசம்பரில் தலை வெட்டப்பட்டார்.

ஜோ வென்மோ என்ற சீன அருள்பணியாளர் எல்லையைக் கடந்து உள்ளே வந்தது 1794இன் இறுதியில். அந்த நாட்டுத் திருஅவைக்கு ஊழியம் செய்த முதல் சாமி அவர்தான். அவருக்காக ஏறத்தாழ 4,000 நம்பிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். அவர் செய்த முக்கியமான பணிகளில் ஒன்று, மறையைக் கற்று மற்றவர்க்குக் கற்பிக்க ஒரு பொதுநிலையினர் சங்கத்தை ஏற்படுத்தியது. சிறு சிறு குழுக்களாக வீடுகளில் மறைவாகக் கூடினார்கள். அதன் முதல் தலைவர் அகுஸ்தீன் சோங் யாக்-ஜோங். கற்றவர்கள் சீன எழுத்திலேயே எழுதிய காலத்தில், பெண்களும் எளியவர்களும் படிக்கும்படி கொரிய எழுத்திலேயே அவர் ஒரு மறைக்கல்வி நூலை எழுதினார். யோவான் சோய் சாங்-ஹியோன் ஞாயிறு நற்செய்திகளையும் அவற்றின் விளக்கத்தையும் கொரிய மொழிக்குக் கொண்டுவந்தார் என்பர். பெண்களிடையே வழிநடத்தியவர் கொலும்பா காங் வான்-சுக். உயர்குடிப் பெண்ணின் வீட்டை அதிகாரிகள் சோதனையிட மாட்டார்கள் என்பதால் சாமியை ஆண்டுக்கணக்கில் தம் வீட்டிலேயே மறைத்து வைத்திருந்தார். அச்சுக்கூடம் கிடையாது; கையால் எழுதி, கைமாற்றிக் கொடுத்து வாசித்தார்கள்.

இந்த வட்டத்துக்குள் வந்தவர்தான் ஹ்வாங் இல்-க்வாங். அவர் கசாப்புத் தொழில் செய்யும் குலத்தில் பிறந்தவர். அன்றைய கொரியாவில் அந்தக் குலத்தவரை மனிதராகவே மதிப்பதில்லை. அவர்கள் தனியாக ஒதுங்கி வாழ்ந்தார்கள், சிறுபிள்ளைகூட அவர்களை மரியாதை இல்லாமல் கூப்பிடும். சீமோன் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்ற இவரை, மற்றவர்கள் தங்கள் அறைக்குள் அழைத்து, தங்களோடு அமர வைத்தார்கள். உயர்குடியில் பிறந்த சோங் யாக்-ஜோங்கின் வீட்டருகே குடியேறி, அந்தக் கூட்டத்தில் ஒருவராக வாழ்ந்தார். தமக்கு இரண்டு விண்ணகம் உண்டு என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வாராம்: ஒன்று இறந்தபின் வரப்போவது, மற்றது, தம் பிறப்பைத் தெரிந்தும் இவர்கள் தம்மை நடத்துகிற விதத்தில் இப்போதே இருப்பது.

நேயர்களே, இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் வகுத்த ஏழு படி முறையில் நம் அன்பியங்களிலும் நற்செய்தியைப் பகிர்கிறோம். படிகள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் முறைவைத்து வீடு வீடாகப் போகும் கூட்டம் சில வீடுகளுக்கு வரும்போது மட்டும் கோவிலுக்கு மாறிவிடுவது ஏன்? போனாலும், அந்த வீட்டு அம்மா போட்டுவைத்த காப்பியை, "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்று சொல்லிவிட்டு நம்மில் எத்தனை பேர் எழுந்திருக்கிறோம்? விருந்தில் முதலிடம் தேடுகிறவர்களைப் பற்றி இயேசு சொன்னதை நாம் அந்த வீட்டிலேயே வாசித்துமிருப்போம். வாசித்தது நாம், அதன் பொருளைப் புரிந்துகொண்டது காப்பியைத் திருப்பி எடுத்துப்போன அந்த அம்மா.

1801இல் பெரும் வேதகலாபனை வந்தது. சோங் யாக்-ஜோங், சோய் சாங்-ஹியோன், காங் வான்-சுக் எல்லாரும் கொல்லப்பட்டார்கள். தம்பொருட்டு மக்கள் வதைபடுவதைப் பொறுக்காமல் ஜோ வென்மோ அடிகளார் தாமே சென்று சரணடைந்து உயிர் கொடுத்தார். நம்பிக்கையை மறுத்திருந்த யி சுங்-ஹுன்னும் தப்பவில்லை. அவருக்கும் மரண தண்டனைதான். அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் மறுபடியும் சாமி இல்லை. எஞ்சியவர்கள் மலைகளுக்கு ஓடி, மண்பாண்டம் செய்து பிழைத்து, கைப்பிரதிகளை வாசித்து நம்பிக்கையைக் காத்தார்கள். சாமி வேண்டும் என்று கேட்டு மீண்டும் மீண்டும் பெய்ஜிங்குக்கு நடந்தவர்களில் ஒருவர், சோங் யாக்-ஜோங்கின் மகன். இன்று நாள்காட்டியில் நாம் காணும் பவுல் சோங் அவர்தான்.

ஹ்வாங் இல்-க்வாங் 1801இல் விறகு வாங்கப் போன வழியில் பிடிபட்டதாகச் சொல்லப்படுகிறது. அடித்து நொறுக்கப்பட்டு, சொந்தப் பகுதியான ஹோங்ஜுவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1802இன் தொடக்கத்தில் தலை வெட்டப்பட்டார். 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், சியோலில் பழைய அரண்மனை வாயிலுக்கு முன்னால் திருத்தந்தை பிரான்சிஸ் 124 பேரை அருளாளர்களாக அறிவித்தார். அந்தப் பட்டியலில் உயர்குடி அறிஞர் சோங் யாக்-ஜோங்கின் பெயர் இருக்கிறது. அவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்த கசாப்புக்காரர் சீமோன் ஹ்வாங்கின் பெயரும் இருக்கிறது.