கொல்லத்துச் சாட்சிகளும் நக்கவாரத்து மௌனமும்

இடைக்கால எபிரேய ஆவணங்கள் என்றதும் கெய்ரோ நினைவுக்கு வரும், நக்கவாரம் எனப்பட்ட நிக்கோபார் வராது. அத்தீவுகளில் எபிரேய ஏடு எதுவும் கிடைத்ததாகச் செய்தியில்லை. ஆனால் கி.பி. 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டையும், 851-இல் அரபியில் தொகுக்கப்பட்ட ‘அக்பார் அஸ்-ஸீன் வல்-ஹிந்த்’ நூலையும் சேர்த்துப் படித்தால், அந்த இன்மைக்குக் காரணம் புலப்படுகிறது.

சேரமன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு அளித்த கொடையே இச்செப்பேடு. வாசகம் வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் அமைந்தது. பள்ளியைக் காக்கும் பொறுப்பு அறுநூற்றுவர் என்னும் நாட்டுக் குழுவுக்கும், வணிகக் குழுக்களான அஞ்சுவண்ணத்துக்கும் மணிக்கிராமத்துக்கும் உரியது. கடைசி ஏட்டில் கூஃபி அரபியில் 11, பஹ்லவியில் 10, எபிரேய எழுத்தில் 4 என 25 அயலவர் சாட்சியமிட்டுள்ளனர். எபிரேய எழுத்திலுள்ள நான்கின் மொழி பாரசீகம். அவற்றின் ‘இதற்கு நான் சாட்சி’ என்னும் வாய்பாடு பஹ்லவிக் கையொப்பங்களிலும் உண்டு. நால்வரில் ஒருவர் பெயர் ஹசன் அலி! எழுத்தைக் கொண்டே மதத்தை முடிவுகட்டும் நம் பழக்கத்துக்கு இந்தக் கையொப்பம் ஒன்றே போதிய எச்சரிக்கை.

இந்தக் கையொப்பங்கள் வெறும் வணிகச் சடங்கு, பண்பாட்டுப் பரிமாற்றம் ஆகாது என்று மறுக்கலாம். அந்த மறுப்பு சமய வாதங்களை மட்டுமே பரிமாற்றமாகக் கொள்கிறது. பிறர் வழிபாட்டிடத்தின் உரிமைக்குச் சாட்சி நிற்பது பொறுப்பேற்பது அல்லவா? பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவுக்கு ஏடனிலிருந்து வணிகர் மத்மூன் எழுதிய கடிதங்களும் இப்படித்தான்: எபிரேய எழுத்து, அரபு மொழி, உள்ளே இந்திய வணிகர்களோடு கூட்டாகக் கப்பல் விடும் யோசனை. நம்பிக்கைக்கு உறுதி தேவைப்பட்ட இடத்தில்தான் எழுத்து பிறந்தது.

‘அக்பார்’ சொல்லும் கடல்வழியில் மஸ்கட்டை விட்ட கப்பல்கள் கொல்லம் வந்து, பின் லஞ்சபாலூஸ் என்ற நிக்கோபாரைத் தொட்டுக் கலா துறைக்குப் போகின்றன. தீவினர் படகில் வந்து தேங்காயும் அம்பரும் கொடுத்து இரும்பு வாங்கிச் செல்கிறார்கள். (கப்பல்காரர் தரப்புச் செய்தி இது; தீவினர் தரப்பு பதிவாகவில்லை.) கைக்குக் கை மாறும் வாணிபம் அங்கேயே முடிந்துவிடும். கடனில்லை, கடனில்லாத இடத்தில் சாட்சியும் ஏடும் எதற்கு? இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் இடம்பெறுவதும் வென்ற நாட்டின் பெயராகவே. அக்கல்வெட்டு இருப்பதும் தீவிலன்று, தஞ்சையில்.

நிக்கோபாரைத் தாண்டிச் சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறையில் எழுத்து மீண்டும் தென்படுகிறது. 1088-ஆம் ஆண்டின் லோபு துவா தமிழ்க் கல்வெட்டில், துறைக்கு வரும் கப்பல்காரர் கஸ்தூரியின் விலைக்கணக்கில் பொன் செலுத்தவேண்டும் என வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் விதிக்கின்றனர். அங்கே குழு இருந்தது, வரி இருந்தது, ஆகவே கல்லும் இருந்தது.