லாரி பாரமும் ரோட்டுச் செலவும்

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகும் ரோடுதான் தேசிய நெடுஞ்சாலை 744. முன்பு அதன் எண் 208. பஞ்சு, நூல், சிமெண்ட் என்று லாரிகள் ஓயாமல் ஓடும் வழி இது. இந்த ரோடு எவ்வளவு பாரம் தாங்கும்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனை ரோடு போட்டு, ராணுவ வீரர்களை வைத்து லாரி ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு அச்சின் மேல் பாரம் 2 மடங்கானால் ரோட்டின் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்று தெரிந்தது.

இந்தியாவில் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்தான் வரம்பாக இருந்தது. ஆனால் சில மாநிலங்கள் பணம் வாங்கிக்கொண்டு 'கோல்டு கார்டு' கொடுத்து அதிக பாரத்தை அனுமதித்தன. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தடுத்தது. 2018 ஜூலையில் மத்திய அரசே வரம்பை 11.5 டன்னாக்கியது. பாரம் கூடியது 13 சதவீதம்தான். அதே கணக்குப்படி சேதம் 60 சதவீதம் கூடும். லாரியின் நடை குறையும் என்பது உண்மைதான், ஆனால் இதை ஈடுகட்டும் அளவுக்குக் குறையாது.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

ஆண்டாள் தேருக்கு முட்டுக்கட்டை போட ஆள் உண்டு. பாரம் ஏற ஏற லாரியை நிறுத்துவதும் கஷ்டம், அதற்கு யார் முட்டுக்கட்டை போடுவது? வாடகை மிச்சம் லாரிக்காரருக்கும் சரக்கு அனுப்புபவருக்கும். குழியை மூடும் செலவு வரி கட்டும் எல்லோருக்கும். குழியில் விழும் ஆபத்து டூவீலரில் போகிறவருக்கு.