உயிரோடு இருக்கும் இரண்டு

எழுதி ரொம்ப நாளாச்சு. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் ஹெச்.ஆர். பிரிவுக்குப் போன் போட்டேன். மனைவிக்குப் பிரசவம் என்றால் ஆண் ஊழியருக்கு 15 நாள் லீவு உண்டு, அதைப்பற்றிக் கேட்க. விதி எனக்குத் தெரியும். இருந்தாலும் மாறியிருக்குமோ என்ற நப்பாசை. அந்தப் பக்கம் இருந்த பையன், "எத்தனாவது சார்?" என்றான் ஹிந்தியில். "மூணாவது." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் விதியை அப்படியே வாசித்தான். உயிரோடிருக்கும் குழந்தைகள் இரண்டுக்கும் குறைவாக இருந்தால் மட்டும். "ஸாரி சார்... கங்கிராட்ஸ் சார்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி வைத்துவிட்டான் :-)

ஆமாம். எனக்கு 44, தங்கமணிக்கு 38. பெரியவன் ஏழாவது, சின்னவள் இரண்டாவது. நாக்பூர் வந்து ஆறு வருஷம். இது திட்டமிட்டது இல்லை. அடுக்ககத்தில் விஷயம் தெரிந்ததும் எல்லோர் முகத்திலும் முதலில் ஒரு திகைப்பு, பிறகுதான் சிரிப்பு. ஸ்கூட்டரில் நாலு பேர்தான் உட்காரலாம், அஞ்சாவது ஆள் எங்கே உட்காரும் என்பது சின்னவளின் கவலை. "இனிமே என்னை யாரும் சின்னவள்னு கூப்பிட மாட்டீங்கல்ல?" என்பது அவளுடைய இரண்டாவது கவலை.

அந்தப் பையன் வாசித்த விதி மட்டும் மண்டைக்குள்ளேயே சுற்றியது. இரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்பது மாதிரி குடும்பத்துக்கு இரண்டு என்று யார் எப்போது முடிவு செய்தார்கள்? நான் பி.காம். சரித்திரம் நமக்குப் பாடம் இல்லை. ஆனால் ஒரு கணக்கு எப்படி வந்தது என்று பழைய லெட்ஜரைப் புரட்டுவதுதான் நம் தொழில். புரட்டினேன்.

நான் இருக்கும் மகாராஷ்டிராவில் இருந்தே ஆரம்பிக்கலாம். 1921-ல் பம்பாயில் ரகுநாத் தோண்டோ கார்வே என்ற கணிதப் பேராசிரியர் கருத்தடை ஆலோசனை மையம் ஒன்றைத் திறந்தார். விதவை மறுமணத்துக்குப் பாடுபட்ட தோண்டோ கேசவ் கார்வேயின் மகன். இதனால் கல்லூரி வேலை போயிற்று. 1927 முதல் 'சமாஜ் ஸ்வாஸ்த்யா' என்ற பத்திரிகை நடத்தினார். ஆபாசம் என்று வழக்கு வந்தது. 1934-ல் அவருக்காக வாதாடிய வக்கீல் யார் தெரியுமா? அம்பேத்கர். வழக்கு தோற்றது. பத்திரிகை 1953 வரை வந்தது. அதே காலத்தில் நம் பக்கம் பெரியார் 'குடி அரசு'வில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். நாட்டின் ஜனத்தொகைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக என்பது அவர் வாதம்.

1935 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து காந்தியைச் சந்தித்தார். வார்தா இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். சாங்கர், பெண்கள் கையில் கருத்தடைச் சாதனம் வேண்டும் என்றார். காந்தி, சாதனம் வேண்டாம், பெண்கள் கணவனிடம் 'முடியாது' என்று சொல்லக் கற்றுக்கொண்டால் போதும் என்றார். இரண்டு பேரும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. ஆனால் கவனியுங்கள். வழியில்தான் சண்டை. முடிவு பெண்ணுடையது என்பதில் இருவருக்கும் பேதமில்லை. அந்த உரையாடலில் எங்கேயும் 'இரண்டு' இல்லை.

எண் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1949-ல் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர் தன்வந்தி ராம ராவ். சென்னை ராணி மேரி கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். வங்கிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: அவருடைய கணவர் பெனகல் ராம ராவ் அதே 1949-ல் ரிசர்வ் வங்கி கவர்னர் ஆனார். ஒரே வீட்டில் ஒருவர் பணப்பெருக்கத்தையும் மற்றவர் ஜனப்பெருக்கத்தையும் கவனித்துக்கொண்டார்கள் :-) 1952-ல் உலகிலேயே முதலாவதாக இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை 65 லட்சம்.

இதற்குக் கொஞ்சம் முன்னால், 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன் கமிஷனர் ஆர்.ஏ.கோபாலசாமி, ஐ.சி.எஸ். தன் அறிக்கையில் ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினார். தமிழில் சொன்னால் 'யோசனையற்ற தாய்மை'. அதாவது ஏற்கெனவே மூன்று அல்லது அதற்கு மேல் பெற்று, அதில் ஒன்றாவது உயிரோடு இருக்க, மேலும் பெறுவது. பார்த்தீர்களா? அவர் கணக்கில் மூன்றாவது குழந்தை தப்பே இல்லை. நாலாவதுதான் தப்பு. அவரே பிற்பாடு சென்னை மாகாணத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். 1950-களின் பிற்பகுதியில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால் கையில் காசு என்று முதலில் ஆரம்பித்தது சென்னைதான்.

அடுத்து 1960-கள். சிவப்பு முக்கோணம் வந்தது. தீப் தியாகி என்ற அதிகாரியின் யோசனை. தலைகீழ் முக்கோணம், பக்கத்தில் அப்பா, அம்மா, பையன், பெண் என நாலு முகங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஆனால் அப்போது அதன் கீழே எழுதியிருந்த ஹிந்தி வாசகம், 'இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் போதும்' என்பதுதான். படத்தில் இரண்டு, வாசகத்தில் மூன்று வரை சலுகை! பிறகுதான் 'நாம் இருவர் நமக்கு இருவர்'. அப்புறம் நம் ஊர்ச் சுவர்களில் 'நமக்கு ஒருவர்' என்றும் ஆயிற்று. ஒரு தலைமுறைக்குள் மூன்று, இரண்டு, ஒன்று என்று வட்டி விகிதம் போல இறங்கியது.

சொல்லிப் பார்த்தார்கள், காசு கொடுத்துப் பார்த்தார்கள். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. அதற்குப்பின் எமர்ஜென்சி. 1976-77 என்ற ஒரே வருஷத்தில் 82 லட்சத்துக்கும் மேல், அதில் முக்கால்வாசி ஆண்கள். பல ஊர்களில் கட்டாயம், மிரட்டல், போலீஸ். மகாராஷ்டிரா சட்டசபை 1976-ல் கட்டாயக் கருத்தடைக்கு மசோதாவே நிறைவேற்றியது. ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கவில்லை, அதனால் சட்டமாகவில்லை. அந்த மசோதாவில்கூட எல்லை மூன்று குழந்தைதான்!

1977-ல் அரசு கவிழ்ந்தது. 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயர் 'குடும்ப நலம்' ஆயிற்று. ஆண்களைத் தொட இனி எந்தக் கட்சிக்கும் தைரியமில்லை. ஆபரேஷன் நிற்கவில்லை, பெண்கள் பக்கம் போனது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட மனைவிமார் நூற்றுக்கு 37.9. கணவன்மார் 0.3. பூஜ்யம் புள்ளி மூன்று. அச்சுப்பிழை இல்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்து, 13 பேர் இறந்து போனார்கள்.

'இரண்டு' விதியாக மாறியது அதன்பின்தான். 1990-களில் சில மாநிலங்களில் இரண்டுக்கு மேல் இருந்தால் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது என்றார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1997-ல் தந்தைக்கு லீவு வந்தது, இந்த 'உயிரோடிருக்கும்' நிபந்தனையோடு. மகாராஷ்டிராவில் 2005 விதிப்படி மாநில அரசு வேலைக்கே இரண்டுதான். 2017 மகப்பேறுச் சட்டத்தில் முதல் இரண்டுக்கு 26 வாரம், மூன்றாவதுக்கு 12 வாரம்.

'உயிரோடிருக்கும்' என்ற வார்த்தையே ஒரு சரித்திரம். 1951 வாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 146 ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-ல் அது 28. என் அப்பாயி பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து. அவளைக் கேட்டால் ஒன்பது என்றுதான் சொல்வாள். ஃபாரத்தைக் கேட்டால் ஐந்து.

இப்போது கதை திரும்பியிருக்கிறது. 1950-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு குழந்தை. 2019-21 ஆய்வில் அது 2.0. தமிழ்நாட்டில் 1.8. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அடுத்த மாதமே உள்ளாட்சித் தேர்தலில் இருந்த இரண்டு குழந்தை விதியை ஆந்திரா எடுத்துவிட்டது. அதே அக்டோபரில் தமிழக முதல்வர் ஒரு கல்யாண மேடையில், பார்லிமெண்ட் சீட்டு குறையும் என்றால் பதினாறு பெற்றால் என்ன என்று கேட்டார். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, இப்போது பதினாறு!

இதுவரை லெட்ஜர். இனி சொந்தக் கதை.

விஷயம் தெரிந்த அன்று ராத்திரி நான் செய்தது என்ன தெரியுமா? எக்செல் திறந்தேன். வீட்டுக்கடன் தவணை, பெரியவனின் ட்யூஷன், என் ரிடையர்மெண்ட் வருஷத்தில் இந்தக் குழந்தைக்கு என்ன வயசு (16). தங்கமணி தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் கணக்கைக் காட்டினேன். பார்த்தாள், "சரி" என்றாள். எதற்குச் சரி என்று நான் கேட்கவில்லை.

புதுக்கோட்டையில் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள். மூன்று நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"தம்பி, உனக்கப்புறம் ஒண்ணு இருந்துச்சு. உனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது."

எனக்கு இரண்டு வயசு அப்போது. அப்பா தாலுகா ஆபீசில் வேலை. ஆபீஸ் சுவரிலேயே முக்கோணம். மூணாவது என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றாராம். "மறுநாள் காலைல கெளம்புன்னாரு. கெளம்புனேன். கலைச்சு, அதோட ஆபரேஷனும் பண்ணி அனுப்பிட்டாங்க. உங்கப்பா நல்ல மனுசந்தான், கொறை சொல்லல. ஆனா கேக்கல. கேட்டிருந்தா வேணும்னு சொல்லியிருப்பனா, வேணாம்னு சொல்லியிருப்பனா, எனக்கே தெரியாது. கேட்டிருந்தாத்தான தெரியும்?"

"கையெழுத்து வாங்கியிருப்பாங்களேம்மா" என்றேன் அசட்டுத்தனமாக. "போட்டேன். எங்க காட்டுனாங்களோ அங்க போட்டேன்" என்றாள்.

1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தை இப்போதுதான் படித்தேன். வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும், கணவன் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. நல்ல சட்டம். வேண்டாம் என்று நினைக்கும் எத்தனையோ பெண்களுக்கு அது உயிர் காத்த சட்டம். ஆனால் இருபது வருஷமாக ஜாமீன் கையெழுத்து வாங்கும் எனக்குத் தெரியாதா, கையெழுத்து வேறு சம்மதம் வேறு என்று?

"நீ அவளைக் கேட்டியா?" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். எக்செல் இல்லாமல். உனக்கு வேணுமா, வேண்டாமா? எதுவானாலும் நான் கூட இருக்கேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "இத்தனை நாள் கழிச்சுக் கேக்கறீங்க" என்றாள். பிறகு, "வேணும்" என்றாள். "ஆனா ரெண்டு கண்டிஷன். முதல் ரெண்டுக்கும் ஆடிட்டு, மார்ச் குளோஸிங்னு ஓடிட்டீங்க. இந்தத் தடவை ஒரு மாசம் வீட்ல இருக்கணும். அப்புறம்... ஆபரேஷன் உங்களுக்கு."

1951 அறிக்கையிலிருந்து 2024 மேடைப் பேச்சு வரை தேடிவிட்டேன். எல்லோரிடமும் ஒரு எண் இருந்தது. கூட்டச் சொன்னவர்களிடமும் குறைக்கச் சொன்னவர்களிடமும். அம்மாவிடம் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மூன்றாவது குழந்தை என்று சொல்லி மகப்பேறு விடுப்பு மறுத்தது செல்லாது, அது பெண்ணின் உரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. படித்துக் காட்டினேன். "இதை உங்கம்மாவுக்கும் அனுப்புங்க" என்றாள்.

15 நாள் லீவு கிடைக்காது. சேர்த்து வைத்த சம்பள விடுப்பில் 30 நாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பரணிலிருந்து தொட்டிலை இறக்கியாயிற்று, ஒரு கால் ஆடுகிறது. அம்மா ஜி.டி. எக்ஸ்பிரஸில் வருகிறாள்.

கொசுறு: யூராலஜிஸ்டிடம் நாள் வாங்கிவிட்டேன். அந்த 0.3-ல் நானும் ஒரு ஆள். வலிக்குமா என்று கேட்டதற்குத் தங்கமணி சிரித்த சிரிப்பு இருக்கிறதே...