நோர்போக்கின் வசந்தக் குறிப்பேடு

இங்கிலாந்து நாட்டிலே பனிக்காலம் தொடங்கும் நாளைவிட, அது முடியும் நாளே குடியானவர்களின் பெருங்கவலையாக இருந்து வந்தது. இலையுதிர் காலத்தில் போராகக் குவித்து வைத்த வைக்கோலும் உலர்புல்லும் பெப்ரவரி மாதத்தில் அடிமட்டத்தை எட்டிவிடும். புதுப்புல் இரண்டு கிழமை முந்தித் தளிர்த்தால் மாடு பிழைக்கும். இரண்டு கிழமை பிந்தினால் தொழுவத்திலேயே மடியும். ஆகவே பின்பனியின் கடைக்கூற்றில் வானத்தையும் வேலியோரச் செடிகளையும் பார்த்துக் குறி சொல்லும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. பெப்ரவரி 2ஆம் நாள் மெழுகுவர்த்தித் திருநாள். அன்று வெயில் எறித்தால் பனி இன்னும் நீடிக்கும் என்றும், வானம் மூடியிருந்தால் பனி விலகிவிட்டது என்றும் மக்கள் நம்பினர். இந்த நம்பிக்கை எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை பொய்த்தது என்று எண்ணிப் பார்த்தவர் எவருமிலர்.

எண்ணத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் றொபேட் மார்ஷம் என்னும் நிலக்கிழார். 1708ஆம் ஆண்டிற் பிறந்த இவர், கிழக்கிங்கிலாந்திலே நோர்போக் மாவட்டத்து ஸ்ற்றாற்றன் ஸ்ற்றோலெஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். மரங்களின்மீது இவருக்கிருந்த பற்று சற்று வேடிக்கையானது. மரத்தின் அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவிவிட்டால் அது விரைந்து பருக்குமா என்று சோதித்து, அதனைப் பற்றி றோயல் கழகத்துக்கு எழுதியவர் இவர். மரம் குளிப்பாட்டிய பெரியவர் என்று அயலார் நகைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தப் பொறுமைதான் அவரது பெரும்பணிக்கும் அடிப்படையாயிற்று.

1736இல் மார்ஷம் தமது குறிப்பேட்டைத் தொடங்கினார். வசந்தத்தின் வருகையைக் காட்டும் அடையாளங்களென 27 நிகழ்ச்சிகளை வகுத்துக்கொண்டு, அவை ஒவ்வொன்றும் நிகழும் நாளை ஆண்டுதோறும் பதிந்து வந்தார். பனிக்கிடையே தலைகாட்டும் ஸ்னோட்றொப் என்னும் வெண்பூ மலரும் நாள். தவளையும் தேரையும் முதன்முதல் ஒலியெழுப்பும் நாள். காக்கையினப் பறவைகள் கூடுகட்டத் தொடங்கும் நாள். மஞ்சள் வண்ணாத்திப்பூச்சி பறக்கும் நாள். தென்திசையிலிருந்து குயிலும் தகைவிலானும் வந்து சேரும் நாள். ஓக்கு, பீச்சு, எல்ம் முதலிய மரங்கள் இலைவிடும் நாள். இவற்றைக் காண்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆண்டு தவறாமல் பார்க்கும் கண்ணும், பார்த்ததை அன்றே எழுதும் பழக்கமும் போதும். இந்த இரண்டும் மலிவான பொருள்களல்ல என்பதை நாட்குறிப்பு எழுத முனைந்து கைவிட்டவர் யாவரும் அறிவர்.

குறிப்பேடு தொடங்கி நான்கே ஆண்டுகளில் பேருறைபனி வந்தது. 1739ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அந்தக் குளிரிலே தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் மக்கள் சந்தை கூட்டினர். 1740 சனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 2.8 பாகை சென்ரிகிறேட், பெப்ரவரியிலும் 1.6 பாகை கீழே. வசந்தத்திலும் குளிர் விடவில்லை. அந்த ஆண்டு முழுவதன் சராசரி 6.8 பாகையாக நின்றது. மூன்றரை நூற்றாண்டுப் பதிவுகளில் இதனிலும் குளிர்ந்த ஆண்டு வேறில்லை. நதியின்மேல் சந்தை கூடியதைப் படமெழுதி வைத்தவர்கள் பலர். ஆனால் அயர்லாந்திலே நிலத்துள் இருந்த உருளைக்கிழங்கு உறைந்து அழுகிப்போக, அடுத்த ஆண்டுவரை நீடித்த பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். வசந்தம் எப்போது வரும் என்ற கேள்வி அக்காலத்தில் பொழுதுபோக்கான கேள்வியாக இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஆண்டும் மார்ஷமின் வாழ்நாளிலேயே வந்தது. 1779 பெப்ரவரியின் சராசரி வெப்பநிலை 7.9 பாகை. அதே தொடர்ப்பதிவில் அதனை விஞ்சிய பெப்ரவரி இன்னும் காணப்படவில்லை. பின்னர் 1795 சனவரியில் சராசரி உறைநிலைக்கு 3.1 பாகை கீழிறங்கியது. பதிவுகளிலுள்ள மாதங்கள் அனைத்திலும் மிகக் குளிர்ந்த மாதம் அதுவே. அப்போது மார்ஷமுக்கு வயது ஏறக்குறைய 87. ஒரே மனிதரின் குறிப்பேட்டுக் காலத்துள் இவ்விரு எல்லைகளும் அடங்கியமை வியப்புக்குரியது.

பழைய நாட்களை ஒப்பிடுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1752இல் பிரித்தானியா நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டெம்பர் 2ஆம் நாளுக்கு அடுத்த நாள் 14ஆம் நாளாயிற்று. பூக்கள் அந்தச் சட்டத்தை அறியா. பழைய நாட்காட்டிப்படி எழுதிய நாளுடன் பதினொரு நாட்களைக் கூட்டாவிட்டால், முற்காலத்தில் வசந்தம் முந்தியே வந்தது என்ற பொய்யான முடிவே கிட்டும்.

1780இல் றோயல் கழகத்தின் உறுப்பினரான மார்ஷம், தமது பதிவுகளை 1789இல் அக்கழகத்தின் வெளியீட்டில் அச்சேற்றினார். அதே காலத்தில் ஹாம்ஷயர் மாவட்டத்துக் குருவானவர் கில்பேட் வைற் தமது செல்போண் ஊரின் இயற்கை வரலாற்றை வெளியிட்டார். நூலைப் படித்த மார்ஷம் 1790இல் அவருக்குக் கடிதம் எழுதினார். முதுமையிற் பிறந்த அந்த நட்பு, 1793இல் வைற் இறக்கும்வரை மரங்களையும் பறவைகளையும் பற்றிய கடிதங்களிலேயே வளர்ந்தது.

மார்ஷம் 1797இல் மறைந்தார். குறிப்பேடு மறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிறிது காலம் இடையறவு நேர்ந்ததாயினும், அவர் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாக அதே பூவையும் அதே பறவையையும் பார்த்து எழுதினர். 1947இன் கொடும்பனியும் அந்தக் குடும்பத்தின் காலத்திலேயே வந்தது. நிலக்கரி கிடைக்காமல் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, ஆடுகள் வெண்பனியுள் புதைந்து மடிந்த அந்த ஆண்டில் பெப்ரவரியின் சராசரி உறைநிலைக்கு 1.9 பாகை கீழே நின்றது.

இந்தப் பதிவுகளின் முழுப்பயன் விளங்குவதற்கு வெப்பமானியின் துணையும் வேண்டியிருந்தது. பேராசிரியர் கோர்டன் மான்லி பழைய நாட்குறிப்புக்களைத் திரட்டி, மத்திய இங்கிலாந்தின் மாதவாரி வெப்பநிலையை ஒரு தொடராக்கினார்; 1953இல் வெளியிட்டதை 1974இல் 1659ஆம் ஆண்டுவரை பின்னோக்கி நீட்டினார். 1995இல் மார்ஷம் பதிவுகளை அத்தொடருடன் ஒப்பிட்ட ஆய்வு வெளியாயிற்று. பின்பனி மாதங்கள் இளஞ்சூடாக அமைந்த ஆண்டுகளில் ஓக்கு மரம் முந்தித் தளிர்த்தமை தெளிவாயிற்று. ஆனால் எல்லா உயிர்களும் ஒரே அளவில் முந்துவதில்லை. தளிரை உண்ணும் புழு தளிரோடு முந்த, புழுவை நம்பிக் குஞ்சு பொரிக்கும் பறவை பின்தங்கிவிடக் கூடும். முந்தி மலர்ந்த பழமரங்களை ஏப்ரல் மாதத்து உறைபனி ஓரிரவிற் கருக்கிவிடுவதும் உண்டு.

2019 பெப்ரவரி 26ஆம் நாள் இலண்டன் கியூ பூங்காவில் வெப்பநிலை 21.2 பாகையைத் தொட்டது. பிரித்தானியாவில் பனிக்கால மாதமொன்றில் 20 பாகை கடந்தது அந்த நாட்களிலேதான் முதன்முறை. பூங்காக்களில் மக்கள் மகிழ்ந்து உலாவினர். வானிலையாளரோ அந்த வெயிலை ஐயத்தோடு நோக்கினர். வைக்கோற்போரை நம்பியிருந்த குடியானவனுக்கு வரமாயிருந்த முந்திய வசந்தம், அவனுடைய பேரப்பிள்ளைகளின் காலத்தில் வேறொரு கவலையாகிவிட்டது.

ஸ்ற்றாற்றன் ஸ்ற்றோலெஸில் தொடங்கிய குறிப்பேட்டின் கடைசிப் பதிவாளர் மார்ஷம் குடும்பத்துப் பெண்மணி ஒருவர். 1958இல் அவரது மறைவோடு, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எழுதப்பட்டு வந்த அந்தப் பக்கங்கள் நின்றன.