கிணறே அளவுகோல்: சிவகாசி வட்டாரத்தில் பெர்குளோரேட்டும் கருவளர்ச்சியும்

பட்டாசுத் தொழில் கருவிலுள்ள சிசுவை எப்படிப் பாதிக்கிறது என்பதை நம் ஆய்வு மரபு ஒரு தொழில்நலக் கேள்வியாகவே வைத்திருக்கிறது. ஆலைக்குப் போகும் தாயர் ஓர் அணி, போகாதவர் மற்றோர் அணி. இரு அணிப் பிள்ளைகளின் பிறப்பு எடையை ஒப்பிடுவார்கள். வேறுபாடு பெரிதாக இல்லையென்றால் பாதிப்பும் பெரிதில்லை என்று முடிப்பார்கள். இந்தப் பிரிப்பே பிழை என்கிறேன். பட்டாசுத் தொழிலிலிருந்து நீரில் கலந்து, தைராய்டு அயோடினை ஏற்பதைக் குறைக்கும் பெர்குளோரேட் என்ற ஒரு வேதிப்பொருளைப் பொறுத்தவரையிலாவது தாயின் கிணற்றைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவள் வேலையைப் பிறகு கேட்கலாம். திருத்தங்கல் போன்ற ஊரில் ஆலைக்குப் போகிறவளும் வீட்டிலிருப்பவளும் ஒரே தெரு ஆழ்துளைக் கிணற்றடியில் குடம் வைக்கக்கூடியவர்கள். இரு அணியும் ஒரே நீரைக் குடித்தால் வேறுபாடு எங்கிருந்து தெரியும்?

இந்த வாதத்தின் முதன்மை ஆதாரம் இசோபேயும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு. சிவகாசிப் பகுதியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீருக்கு முன்வைத்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டின. உச்ச அளவு 7,690. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களே மூலம் என்பது அவர்களின் முடிவு. குழாய் நீரிலோ 0.063 முதல் 0.393 வரைதான் இருந்தது. இந்தக் கடைசி எண்ணை ஆறுதலாக வாசிப்பவர்கள் உண்டு: குழாய்த் தண்ணீர் சுத்தம், ஆகவே கர்ப்பிணிக்குப் பயமில்லை. அந்தக் குழாய் மாதிரிகள் மொத்தமே 3.

மாதிரி எண்ணிக்கையை விடவும் முக்கியமானது அடுக்களை. குழாய் தினமும் வராத வட்டாரம் இது. வந்த அன்று பிடித்து வைத்த நல்ல தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும் செலவாகும். தீர்ந்துவிட்டால் போர் தண்ணீர்தான். சுவையோ மணமோ பெர்குளோரேட்டைக் காட்டிக்கொடுப்பதில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். மண்ணும் அதைப் பிடித்து வைப்பதில்லை. ஆலை அறைகளைக் கழுவிய நீரிலும், ஆலையோரம் கொட்டி எரித்த கழிவிலும் தங்கிய பெர்குளோரேட் ஐப்பசி, கார்த்திகை மழையோடு கீழே இறங்க எந்தத் தடையும் இல்லை. நீதிமன்றத்தின் பார்வையும் இந்த நீர்மேல் விழவில்லை. 2015இல் டெல்லியின் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் ஈயம், பாதரசம் உள்ளிட்ட ஐந்து வேதிப்பொருள்களையும், 2018இல் பேரியம் உப்புகளையும் பட்டாசில் தடுத்தது. அங்கே விசாரிக்கப்பட்டது வெடிக்கும் ஊரின் காற்று. செய்யும் ஊரின் தண்ணீருக்கு, எனக்குத் தெரிந்தவரை, அப்படியொரு வழக்கு அமையவில்லை.

இனி அந்த 15 என்ற எண். அது 70 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 2 லிட்டர் குடிப்பதாகக் கொண்டு கணக்கிடப்பட்டது. நம் கர்ப்பிணியை 45 கிலோ என்றும், கரிசல் காட்டு வெயிலில் 3 லிட்டர் குடிப்பவள் என்றும் வைத்துக்கொள்வோம். அதே 15இல் அவள் உடலுக்குள் போவது நாளுக்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம். 2005இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் பரிந்துரைத்த வரம்பு 0.7தான். உணவு வழியாக வருவதைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் அவளுடைய நீர் 10.5ஐத் தாண்டக் கூடாது. ஆக 57இல் 17 என்பது குறைந்தபட்சக் கணக்கு. எஞ்சிய 40இல் 10.5க்கும் 15க்கும் இடையில் விழுபவற்றையும் அதோடு சேர்க்க வேண்டும். உச்சக் கிணற்றை ஒருத்தி குடித்தாள் என்று கொண்டால் கிலோவுக்கு அரை மில்லிகிராம் சேரும். கிரீரும் குழுவினரும் 2002இல் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு 14 நாள் கொடுத்த உச்ச அளவு அதுவே; அதில் தைராய்டு அயோடினை ஏற்பது சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஒரே ஒரு கிணற்றின் மேல் வாதத்தை ஏற்ற எனக்கு விருப்பமில்லை. அது இல்லாமலும் கணக்கு நிற்கிறது.

எதிர்வாதங்களில் வலுவானது சிலியிலிருந்து வருகிறது. டால்டால் நகரக் குழாய் நீரில் லிட்டருக்கு 114 மைக்ரோகிராம் இருந்தும் கர்ப்பிணிகளின் தைராய்டு அளவுகளிலோ பிறந்த சிசுக்களிடமோ மாற்றமில்லை என்று 2005இல் டெயெஸ் குழுவினர் காட்டினார்கள். முடிவை ஏற்கிறேன், அதை இங்கே கொண்டுவந்து பொருத்துவதை ஏற்கவில்லை. அந்தப் பெண்களுக்கு அயோடின் பற்றாக்குறை இல்லை. 2006இல் பிளவுன்ட் குழுவினர் அமெரிக்கப் பெண்களிடம் பெர்குளோரேட்டுக்கும் தைராய்டு அளவுகளுக்கும் இடையே கண்ட தொடர்பு, சிறுநீரில் அயோடின் 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தவர்களிடம்தான் அழுத்தமாக வெளிப்பட்டது. ஆகவே நீரின் அளவோடு உப்பையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அயோடின் கலக்காத உப்பை உணவுக்கு விற்க 2006லேயே தடை வந்துவிட்டதே என்பார்கள். தூத்துக்குடி உப்பளம் அதிகத் தொலைவில் இல்லாத வட்டாரத்தில், சட்டத்தைக் காட்டிக் கல்லுப்புப் பானையை அளந்துவிட முடியாது.

பிறப்பு எடை என்ற அளவுகோலும் இங்கே உதவாது. ஏறக்குறைய 12ஆவது வாரம் வரை சிசுவின் மூளை தாயின் தைராக்சினை நம்பியே வளர்கிறது. அந்தக் குறை தராசில் ஏறுவதில்லை. ஹாடோ குழுவினர் 1999இல் காட்டிய நுண்ணறிவெண் இறக்கம், தைராய்டு குறைந்திருந்தும் சிகிச்சை பெறாத தாயரின் பிள்ளைகளிடம் சுமார் 7 புள்ளிகள், ஏழு வயதுக்கு மேல்தான் அளவிடப்பட்டது. கார்டிஃப், டூரின் நகரங்களில் தைராய்டு குறைந்த தாயரை வைத்து 2014இல் டெய்லர் குழுவினர் செய்த ஆய்வில், பெர்குளோரேட் மிகுந்த மேல் பத்து சதவீதத்தினரின் பிள்ளைகள் மூன்று வயதில் பின்தங்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அதே தாயர் குழுவில் தைராக்சின் மாத்திரை பலன் தரவில்லையே என்ற மறுப்பு பெரிதாக நிற்காது. மாத்திரை தொடங்கியது பெரும்பாலும் 13ஆவது வாரத்தை ஒட்டி. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் 12 வாரத்துக்குள் பதியச் சொல்கிறது. தாய் செவிலியர் முன்னால் வந்து உட்காரும்போது நமக்கு வேண்டிய காலம் பெரும்பகுதி கடந்திருக்கும்.

சிறுநீரைச் சோதித்தும் அந்தக் காலத்தை மீட்க முடியாது. பெர்குளோரேட்டின் பாதி சுமார் எட்டு மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறது. சிறுநீர் நேற்றைய குடத்தை மட்டுமே சொல்லும். கிணறு அப்படியல்ல, அதன் அளவு ஒரே நாளில் மாறிவிடாது. ஆகவே தாயின் முகவரியைக் காட்டிலும், அவள் முதல் மூன்று மாதம் எந்தக் கிணற்றில் எத்தனை நாள் எடுத்தாள், கேன் தண்ணீர் வாங்கினாளா என்பதே பதிவேட்டில் இருக்க வேண்டும். கேனை இங்கே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. எதிர்ச்சவ்வூடுபரவலில் வடிகட்டிய நீரில் பெர்குளோரேட் பெரும்பாலும் நீங்கிவிடும். வாரக் கூலி கையில் புரளும் ஆலைத் தொழிலாளி வீடு கேன் வாங்கி, காட்டு வேலைக்குப் போகிறவள் வீடு போர் தண்ணீரில் நின்றால், ஆலை அணியின் பிள்ளைகளே நன்றாக இருப்பார்கள். பட்டாசால் தீங்கில்லை என்பதற்கான சான்றாக அந்த அட்டவணையை ஒருவர் அச்சிட்டுவிட முடியும். எண்களும் சரியாகவே இருக்கும்.