பழைய இராணுவ ரைபிள் சேகரிப்பு

பழைய இராணுவ ரைபிள் சேகரிப்பு என்பது, படைகள் பயன்பாட்டிலிருந்து நீக்கி உபரியாக விற்ற ரைபிள் துப்பாக்கிகளை வாங்கி, அவற்றின் வரலாற்றை ஆராய்ந்து பாதுகாக்கும் பொழுதுபோக்கு ஆகும். இது ஐக்கிய அமெரிக்காவில் பரவலாகக் காணப்படுகிறது. நாணயம் சேகரிப்போரைப் போலவே இவர்களும் பொருளின் மீதுள்ள முத்திரைகளைக் கொண்டே அதன் காலத்தையும் இடத்தையும் கண்டறிகின்றனர். ஆனால் நாணயத்தைப் போலன்றி, இப்பொருள் மனிதரைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டது. அதனால் இப்பொழுதுபோக்கின் வரலாறு சட்டங்களின் வரலாறாகவும் இருக்கிறது.

தோற்றம்

போர் முடிந்ததும் மிஞ்சும் ஆயுதங்களை அரசுகள் ஏலத்தில் விற்பது பழைய வழக்கம். நியூயார்க் வணிகரான பிரான்சிஸ் பேனர்மன், 1898ஆம் ஆண்டின் ஸ்பானிய-அமெரிக்கப் போருக்குப் பின் பெருமளவு தளவாடங்களை வாங்கினார். அவற்றை நகருக்குள் வைப்பது ஆபத்து என்பதால், 1900இல் ஹட்சன் ஆற்றிலுள்ள ஒரு தீவை வாங்கி, கோட்டை வடிவில் கிடங்கு கட்டினார். 1920இல் அங்கிருந்த வெடிமருந்து வெடித்துக் கட்டடத்தின் ஒரு பகுதி சிதைந்தது. அவருடைய நிறுவனம் வெளியிட்ட விலைப்பட்டியல்கள் பிற்காலச் சேகரிப்பாளர்களுக்கு ஆதார நூல்களாகப் பயன்பட்டன.

மலிவு விலைக் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைகள் தானியங்கி, அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு மாறின. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டிய பழைய ரைபிள்கள் கிடங்குகளில் தேங்கின. சாமுவேல் கம்மிங்ஸ் 1953இல் தொடங்கிய நிறுவனம் உள்ளிட்ட பல வணிகர்கள், உலகின் பல பகுதிகளிலிருந்தும் இவற்றை வாங்கி அமெரிக்காவில் விற்றனர்.

விலை மிகக் குறைவாக இருந்ததால் இவற்றை யாரும் அரும்பொருளாகக் கருதவில்லை. வேட்டைக்கு ஏற்றவாறு குழலைக் குறுக்கி, மரக்கட்டையை அறுத்து, தொலைநோக்கி பொருத்தத் துளையிட்டனர். இவ்வாறு எண்ணற்ற ரைபிள்கள் தம் மூல வடிவத்தை இழந்தன. அன்று அறுக்கப்படாமல் தப்பியவற்றுக்கே இன்று சேகரிப்பாளர்களிடையே கூடுதல் மதிப்பு உள்ளது.

1968ஆம் ஆண்டுச் சட்டம்

1963 மார்ச்சில், சிகாகோ நகரின் ஒரு விற்பனை நிலையத்திலிருந்து புனைபெயரில் அஞ்சல்வழியாக ஒரு ரைபிள் வாங்கப்பட்டது. 1940இல் இத்தாலியில் செய்யப்பட்ட அந்தக் கார்க்கானோ ரைபிளின் விலை, தொலைநோக்கியுடன் சேர்த்து 19.95 டாலர். அதே ஆண்டு நவம்பர் 22இல் டல்லாஸ் நகரில் அதிபர் ஜான் எப். கென்னடி அதனால் சுடப்பட்டு இறந்தார் என வாரன் ஆணையம் முடிவு செய்தது.

1968இல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ஆகியோரும் கொல்லப்பட்ட பின், அவ்வாண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. உரிமம் இல்லாதோர் மாநிலம் விட்டு மாநிலம் அஞ்சலில் துப்பாக்கி வாங்குவது தடைசெய்யப்பட்டது. இராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியும் நின்றது. அதே வேளையில், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, மூல வடிவம் மாறாத துப்பாக்கிகளை வாங்கச் சேகரிப்பாளர்களுக்குத் தனி உரிமம் கிடைத்தது. அத்தகைய பழம்பொருள்களின் இறக்குமதி 1984இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மூல வடிவம் என்பது இவ்வாறு சேகரிப்பாளரின் விருப்பமாக மட்டுமன்றிச் சட்ட வரையறையாகவும் ஆயிற்று.

முத்திரைகள் கூறும் வரலாறு

ஜப்பானிய அரிசாக்கா ரைபிள்களில் பதினாறு இதழ்களைக் கொண்ட சாமந்திப்பூ முத்திரை இருந்தது. இது பேரரசரின் சின்னம். 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது, ஒப்படைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ரைபிள்களில் இது உரசி அழிக்கப்பட்டது. முத்திரை அழியாமலுள்ள பல ரைபிள்கள், போரின்போதே வீரர்களால் கைப்பற்றப்பட்டவை.

ரஷ்யா 1891இல் ஏற்றுக்கொண்ட மோசின்-நாகன்ட் ரைபிள்கள் பல பின்லாந்தின் கைக்குப் போயின. அவற்றில் ரஷ்ய ஆலை முத்திரையுடன், பின்லாந்துப் படையைக் குறிக்கும் எஸ்.ஏ. என்ற எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. ரஷ்யாவில் செய்யப்பட்ட ரைபிளே பின்னர் ரஷ்யருக்கு எதிராகப் பயன்பட்டதை இம்முத்திரைகள் காட்டுகின்றன.

ஜெர்மனியின் மவுசர் ரைபிள்கள் சில, செக்கோஸ்லோவாக்கியா வழியாக 1948இல் இஸ்ரேலை அடைந்தன. நாஜி ஆட்சிக்காலத்து முத்திரையும் தாவீதின் நட்சத்திரமும் ஒரே ரைபிளில் இருப்பதை இவற்றில் காணலாம்.

போலி முத்திரைகளும் சந்தையில் உண்டு. எனவே குழல், போல்ட், மரக்கட்டை ஆகியவற்றின் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதைச் சேகரிப்பாளர்கள் முதலில் பார்க்கின்றனர். சோவியத் கிடங்குகளில் பழுதுபார்க்கும்போது வெவ்வேறு ரைபிள்களின் பாகங்களைச் சேர்த்து, எண்களைப் புதிதாகப் பொறித்ததும் உண்டு. ஆகவே, எண் ஒத்துப்போவது மட்டும் ஒரு ரைபிள் மூல நிலையில் உள்ளது என்பதற்குப் போதிய சான்று ஆகாது.

இந்தியத் தொடர்பு

மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் பிரித்தானிய வடிவமைப்பிலான லீ-என்பீல்டு ரைபிள்கள் செய்யப்பட்டன. 1962ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின், 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றவாறு, உறுதியான எஃகினால் 2ஏ என்ற வகை அங்கு உருவாக்கப்பட்டது. அது பின்னர் உபரியாக அமெரிக்காவுக்குச் சென்று சேகரிப்பாளர்களிடம் இடம்பெற்றது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இத்தகைய சேகரிப்புக்கு அதிகம் இடமளிப்பதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் வரையே வைத்திருக்கலாம்.

இன்றைய நிலை

சோவியத் ஒன்றியம் சிதைந்த பின், அதன் கிடங்குகளில் மசகு பூசி வைக்கப்பட்டிருந்த மோசின்-நாகன்ட் ரைபிள்கள் அமெரிக்காவில் 100 டாலருக்கும் குறைவாகவே விற்றன. இன்று அந்த வரத்து ஏறக்குறைய வற்றிவிட்டது. 2021இல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதிகளை அமெரிக்கா நிறுத்தியதால், மலிவாகச் சுட்டுப் பார்ப்பதும் கடினமாயிற்று. எனவே சேகரிப்பாளர்கள் பலரின் கவனம், புதிதாக வாங்குவதைவிட, கையிலுள்ளவற்றை மாற்றாமல் காப்பதிலும் முத்திரைகளைப் பதிவு செய்வதிலும் திரும்பியுள்ளது.