ஒற்றியும் மீட்பும்



விற்ற நிலம் திரும்பாது. தானமாக அளித்த நிலமும் திரும்பாது. திரும்பி வருதலைத் தன் பொருளுக்குள்ளேயே வைத்திருக்கும் சொல் ஒன்று தமிழில் உண்டு. அது ஒற்றி. நிலத்தையோ வீட்டையோ உடையவர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு அதனை மற்றவர் கையில் ஒப்படைக்கிறார். தொகைக்கு வட்டியில்லை, நிலத்துக்குக் குத்தகையில்லை. வட்டிக்கு ஈடாக விளைச்சலோ குடியிருப்போ போய்விடுகிறது. கெடு முடிந்த அன்று தொகை வந்த வழியே செல்லவேண்டும். நிலம் சென்ற வழியே வரவேண்டும். பேச்சில் இதனை ஒத்தி என்போம்; பத்திர எழுத்தர்கள் போக்கியம் என்று எழுதுவர். வாடகை வீட்டிற்குள் நுழையும்போது நாம் கொடுக்கும் முன்பணம், அதாவது எல்லோரும் 'அட்வான்ஸ்' என்றழைக்கும் அந்தத் தொகை, இந்த ஒற்றியின் இளைய தலைமுறை.

கெடு முடிந்தபின் கொடுத்தது திரும்பியதா என்ற கேள்வியோடு ஒற்றியின் வரலாற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கொல்லிமலையில் நின்றுகொண்டு இதனைப் பார்க்க விரும்புகிறோம். காரணம் பின்னால் விளங்கும்.

சாவாத ஆடும் நிற்கும் முதலும்

சோழர் கால நில ஆவணங்களைப் படிப்போர்க்கு ஒற்றி புதிய சொல்லன்று. நிலத்தை வாங்கியவர் அதனை விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிமை பெற்றார் என்பது அக்கால விலையாவணங்களில் திரும்பத் திரும்ப வரும் வாய்பாடு. விற்றலுக்கு அடுத்த நிலையில் ஒற்றி வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

ஒற்றிக்கு நேர் எதிரான ஓர் ஏற்பாடும் அக்காலத்தில் இருந்தது. கோயிலில் நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள் அளிக்கப்படும். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடுகள் சாகாமலோ மூப்படையாமலோ இருக்கப்போவதில்லை. ஆயினும் எண்ணிக்கை குறையக்கூடாது என்பது பொருள். பணத்திலும் இவ்வழக்கம் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்து அறக்கட்டளைக் காசுகள் ஊர்ச்சபைகளிடம் கொடுக்கப்பட்டு, காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, பொலிசையாகப் பெறப்பட்டது. முதல் என்றும் நிற்கும். பொலிசை மட்டும் வரும்.

முதலைத் திரும்பக் கேட்காத ஏற்பாடு இது. ஆனாலும் அதனைக் காக்க அன்றையோர் என்ன செய்தனர் என்பதே நமக்கு முக்கியம். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எவ்வளவு, எதற்கு என்பதனைத்தையும் ஊரறியக் கல்லில் வெட்டினர். கொடுத்தவரும் பெற்றவரும் அல்லாத மூன்றாம் தரப்பொன்று, சபையோ கோயிலோ, சாட்சியாக நின்றது.

சென்னையின் வடபகுதியில் திருவொற்றியூர் இருக்கிறது. ஊரின் பெயரில் ஒற்றி இருப்பதைக் கண்ட அப்பரடிகள், இறைவனுக்கு அந்த ஊர் சொந்தமா, வெறும் ஒற்றியா என்ற பொருள்பட விளையாடியிருக்கிறார். சுந்தரர் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழின்கீழ்ச் சூளுரைத்ததும், சூளை மீறிக் கண்ணொளி இழந்ததும் அதே ஊரில்தான் என்கிறது பெரியபுராணம். வாக்கை மீட்காதவனுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல ஒற்றியூரைவிடப் பொருத்தமான இடம் ஏது!

யாழ்ப்பாணத்து ஒற்றியும் மலபாரின் காணமும்

ஒற்றி வழக்கம் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களை டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் அளித்தார். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பு ஒற்றியைத் தனியே எடுத்துப் பேசுகிறது. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். நிலத்தை விற்க நேர்ந்தால், வாங்கும் முன்னுரிமை உடையோருள் ஒற்றி பிடித்தவரும் ஒருவர் என்பது அங்குள்ள பழைய வழக்கம். ஒற்றி பிடித்தவர் வெறுங் கடன்காரரல்லர், பாதி உறவினர் என்ற எண்ணமே இதன் அடிப்படை எனலாம்.

மலபாரில் இதன் உடன்பிறப்பு காணம். குடியானவர் சென்மிக்கு ஒரு தொகையை முன்னரே அளித்து நிலத்தைப் பெறுவார். கெடு பெரும்பாலும் 12 ஆண்டுகள். கெடு முடிந்து சென்மி நிலத்தைத் திரும்பப் பெறவேண்டுமானால் காணத்தொகையைக் கொடுக்கவேண்டும். ஆனால் 12 ஆண்டுகளில் குடியானவர் தென்னை வைத்திருப்பார், மிளகு ஏற்றியிருப்பார், கிணறு வெட்டியிருப்பார். அவற்றுக்கு விலை யார் தருவது? இதனால் எழுந்த பூசல்களின் பின்னணியில் 1887இல் மலபார் குடியானவர் மேம்பாட்டு இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1900இல் அது மாற்றி எழுதப்பட்டது. நிலச்சீர்திருத்தத் திருத்தம் 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின் காணமே மறைந்தது. குடியானவரே நிலத்துக்கு உரியவரானார்.

ஆக, கெடு முடியும் நாளில் இரு கேள்விகள் எழுகின்றன. முதல் எங்கே? இடைக்காலத்தில் கூடியதற்கும் குறைந்ததற்கும் கணக்கென்ன? இன்றைய வாடகைவீட்டுச் சச்சரவுகளும் இவ்விரண்டுக்குள் அடங்கிவிடும். சுவரில் ஆணி அடித்ததற்குக் கழிவு, வெள்ளையடிக்கக் கழிவு, பழைய குழாய்க்குக் கழிவு என்று வீட்டுக்காரர் நீட்டும் பட்டியல், காணத்துப் பூசலின் தலைகீழ் வடிவமே.

கொல்லிமலையில்

இனிக் கொல்லிமலைக்கு வருவோம். வல்வில் ஓரி ஆண்ட மலை. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்பது சங்கப் பாடல்கள் தரும் செய்தி. அன்று மலை கைமாறியது போரினால். நம் காலத்தில் அது துண்டு துண்டாகக் கைமாறுவது ஒரு தாளினால்.

வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என நாடுகளாகப் பகுக்கப்பட்ட மலை இது. மக்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். இப்பெயர் மலையை ஆள்வோர் என்ற பொருளது, கேரளத்தோடு தொடர்புடையதன்று. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவியது. சேலம், நாமக்கல் பகுதிகளின் சேகோ ஆலைகள் கிழங்கை வாங்கக் காத்திருந்தன. மிளகும் காப்பியும் சில்வர் ஓக் நிழலில் வளர்ந்தன. சாமை வீட்டுக்கு, மரவள்ளி சந்தைக்கு. சந்தைப் பயிர் வந்த இடத்தில் நிலத்துக்கு விலை வந்தது. விலை வந்த இடத்துக்குக் கீழ்நாட்டுப் பணமும் வந்தது.

மருத்துவச் செலவு, திருமணம், பிள்ளைகளின் படிப்பு என்று ஏதேனும் ஒன்று நேரும்போது மலைவாசியிடம் இருப்பது நிலம் மட்டுமே. ஒத்திக்கு விடுகிறார். மலைவாசிகள் தமக்குள் ஒத்தி வைத்தபோது ஊர்க்கவுண்டரும் உற்றாரும் அறிந்த செய்தியாக அது இருந்தது. மீட்க மறுப்பவர் அதே ஊரில் முகம் காட்டி வாழவேண்டும். கீழ்நாட்டார் ஒருவர் ஒத்தி பிடிக்கும்போது அந்த மூன்றாம் தரப்பு மறைந்துவிடுகிறது. எஞ்சுவது முத்திரைத்தாள் ஒன்று. சில வேளைகளில் வெள்ளைத்தாள்.

இங்கே சட்டம் கூறுவதையும் காண்போம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேற்பட்ட தொகைக்குமான இவ்வகை அடைமானம் இரு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்யப்படவேண்டும். பதியாத தாளை நம்பி நிலத்தைக் கொடுத்தவர், பின்னாளில் தாம் கொடுத்தது ஒற்றியே என்று மெய்ப்பிக்கவே போராடவேண்டியிருக்கும். பதிந்திருந்தால் அவர் நிலை வலுவானது. ஒற்றியாகத் தொடங்கியது எந்நாளும் ஒற்றியே. முப்பது ஆண்டுகள் கடந்தன என்ற ஒரே காரணத்தால் ஒற்றி பிடித்தவர் உரிமையாளராகிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சிங் ராம் வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

ஆந்திரத்தின் பழங்குடிப் பகுதிகளில் 1959ஆம் ஆண்டின் நிலமாற்ற ஒழுங்குவிதி உண்டு; 1970இல் அது மேலும் இறுக்கப்பட்டது. கேரளம் 1975இல் ஒரு சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டிலோ அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என எதுவும் அறிவிக்கப்படவில்லை. எனவே அத்தகைய ஒழுங்குவிதியின் காவல் கொல்லிமலைக்கு இல்லை.

மீட்கும் நாள் வந்தாலும் மலபாரின் கேள்வி இங்கும் எழும். ஒத்தி பிடித்தவர் மிளகு ஏற்றியிருப்பார். கொடி காய்க்கவே மூன்று ஆண்டுகள் ஆகும். வாங்கிய தொகையோடு கொடிக்கும் விலை தா என்றால், மலைவாசி எங்கே போவார்? ஒத்தியை மீட்க மற்றோர் ஒத்தி வைப்பார்.

எம்மிடம் பயின்ற மலைமாணவர் ஒருவரின் நிலை இதனை எமக்கு உணர்த்தியது. அவர் தாத்தா வைத்த ஒத்தி மீட்கப்படாமல் கிடந்தது. நகரத்தில் அறை எடுத்துத் தங்கிய அவர் கொடுத்த முன்பணம், படிப்பு முடிந்து காலி செய்தபோது வெள்ளையடிப்பிலும் 'பராமரிப்பு' என்ற சொல்லிலும் கரைந்துபோயிற்று. மலையில் பணத்தைப் பெற்றவர் நிலத்தை இழந்து நின்றார்; நகரத்தில் பணத்தைக் கொடுத்தவர் பணத்தை இழந்து நின்றார். இரண்டும் ஒரே குடும்பம். கெடு முடியும் நாளில் பொருள் எவர் கையில் இருக்கிறதோ அவரே வலியவர் என்பதற்கு இதைவிடச் சான்று எமக்குத் தேவைப்படவில்லை.

நகரத்து முன்பணம்

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவதை ஏற்கவில்லை. ஆனால் சென்னையில் பத்து மாத முன்பணம் என்பது ஊரறிந்த வழக்கமாக இருந்தது. ஏட்டில் ஒன்று, வீட்டில் பத்து! அச்சட்டத்தை நீக்கிவிட்டு 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக, அதனைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது அது.

இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட வகைக் குடியிருப்பு வாடகைகளில், அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றின்கீழ் முன்பணத்தைக் கொண்டுவருவது வீட்டுக்காரரின் கடமை. பூசல் எழுந்தால் அத்திட்டமே நடுநின்று தீர்க்கும். கொரியாவில் ஜொன்சே என்றொரு முறை உண்டு. பெருந்தொகையைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்து, கெடு முடிவில் முழுத்தொகையையும் திரும்பப் பெறுவது. நம் வீட்டு ஒத்தியேதான்! வீட்டு விலை சரிந்தபோது தொகையைத் திருப்ப வழியற்றோரும், தொடக்கத்திலேயே ஏமாற்றியோரும் பெருக, பாதிக்கப்பட்டோருக்கென 2023இல் அந்நாடு தனிச்சட்டம் இயற்றவேண்டியதாயிற்று.

ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. ஒற்றி மீளுவது இருவரின் நல்ல மனத்தால் மட்டுமன்று. எழுத்தாலும் மூன்றாம் தரப்பாலும். சோழர்க்கு அது கல்லும் சபையும். மலையூர்க்கு அது ஊர்க்கூட்டம். இங்கிலாந்துக்கு அது ஒரு காப்புத்திட்டம். நமக்கு இன்று கிடைப்பது பதிவு அலுவலகமும் எழுத்துமூல உடன்படிக்கையும். வாடகைக்குப் போகும் அன்பர்கள் முன்பணத்துக்கு ரசீது பெறுக; நுழையும் நாளிலேயே சுவரையும் குழாயையும் படமெடுத்து வைத்துக்கொள்க. மலையில் ஒத்திக்கு விடுவோரிடம் பழகுவோர், தொகை சிறிதாயினும் பதிந்து கொடுக்கச் சொல்லுங்கள்; மரம், கொடி பற்றிய கணக்கை முதல்நாளே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பதிவுச்செலவு மிகுதியென்று அவர் தயங்கினால், அந்தச் செலவுக்கு உதவுவதைக் காட்டிலும் பயனுள்ள உதவியை நாம் அவருக்குச் செய்துவிட முடியாது.